செக் வால்வு தகராறு: அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிப்பதும் வால்வை மாற்றுவதும்

கைப்பிடி கிடையாது. மோட்டார் கிடையாது. உள்ளே தட்டு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்லவும் முடியாது. அதனால்தான் பைப்லைனில் மற்ற எல்லாவற்றுக்கும் பராமரிப்பு அட்டவணை போட்டுவிட்டு செக் வால்வை மட்டும் மறந்துவிடுகிறோம். நான்-ரிட்டர்ன் வால்வு, என்.ஆர்.வி. என்று எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் அதற்கு ஒரே வேலைதான், தண்ணீரை ஒரு பக்கமாக மட்டும் விட வேண்டும். அந்த வேலை கெட்டுப்போனால் பம்ப், மோட்டார், கேஜ், குழாய் என்று வரிசையாக மற்றவை அடி வாங்கும். பழி மட்டும் பெரும்பாலும் பம்ப் மேல் விழும்.

நான் வேலை பார்த்த ஒரு கட்டடத்தில் 100 மி.மீ. ஸ்விங் செக் வால்வு (கதவு போல ஆடும் தட்டு உள்ள ரகம்) ஒன்றை ஒன்றரை வருடத்தில் மூன்று முறை மாற்றினோம். மூன்று முறையும் அதே மாடல், அதே அளவு. நான்காவது முறை கழற்றும்போதுதான் அந்த வால்வு எல்போவை (குழாய் வளைவை) ஒட்டி, ஒரு சாண் நேர்க்குழாய்கூட இல்லாமல் நிற்பது எங்களுக்கு உறைத்தது. வால்வில் குறையே இல்லை. நிறுத்தி வைத்த இடம்தான் அதைத் தின்றுகொண்டிருந்தது.

அதனால் ஸ்பேனரை எடுக்கும் முன் ஒரு கேள்விக்குப் பதில் தேடுங்கள்: இந்த வால்வு எத்தனை நாள் உழைத்தது? பத்து, பதினைந்து வருடம் ஓடித் தேய்ந்திருந்தால் அதே மாதிரி ஒன்றை வாங்கி மாட்டலாம். ஒரு வருடத்தில் போயிருந்தால் அதையே திரும்ப வாங்காதீர்கள். அளவு, இடம், ரகம் மூன்றில் எதுவோ தப்பாக இருக்கிறது.

முதலில் ஒரு சோதனை: வால்வு உண்மையிலேயே பாஸ் ஆகிறதா?

'பாஸ் ஆகிறது' என்றால் மூடிய பிறகும் தண்ணீரைத் திரும்ப விடுகிறது என்று பொருள். இதைச் சந்தேகத்தில் விட வேண்டாம், பத்து நிமிடத்தில் உறுதி செய்துகொள்ளலாம். வழக்கமான அமைப்பில் சக்‌ஷன் வால்வு, பம்ப், செக் வால்வு, டெலிவரி வால்வு என்ற வரிசை இருக்கும். பம்ப்புக்குள் தண்ணீர் வரும் பக்கம் முதலாவது, வெளியே போகும் பக்கம் டெலிவரி. பம்ப்பை நிறுத்தி மின்சாரத்தைப் பூட்டுங்கள். சக்‌ஷன் வால்வை மூடுங்கள். டெலிவரி வால்வு திறந்தே இருக்கட்டும். இப்போது பம்ப் உடம்பில் இருக்கும் டிரெயினைத் திறங்கள். உள்ளே தேங்கிய தண்ணீர் வடிந்து நின்றுவிட்டால் செக் வால்வு நன்றாக இருக்கிறது.

நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால்? இங்கேதான் பலர் அவசரப்படுவார்கள். வருகிற தண்ணீர் சக்‌ஷன் வால்வு சரியாக மூடாமல் அந்தப் பக்கத்திலிருந்தும் வரலாம். டெலிவரி வால்வை மூடிப் பாருங்கள். ஓட்டம் நின்றால் குற்றவாளி செக் வால்வு. நிற்கவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது சக்‌ஷன் வால்வை.

சொட்டுச் சொட்டாக வந்தால் அதற்காக வால்வை மாற்ற வேண்டியதில்லை. சீட் என்பது தட்டு வந்து உட்காரும் இடம். உலோகத்தோடு உலோகம் உட்காரும் சீட்டில் கொஞ்சம் கசிவு அனுமதிக்கப்பட்டதே. ஏ.பி.ஐ. 598 என்ற சோதனைத் தரப்படி அப்படிப்பட்ட செக் வால்வில் அளவு ஓர் அங்குலத்துக்கு நிமிடத்துக்கு 3 மில்லி வரை போகலாம். 4 அங்குல வால்வு என்றால் நிமிடத்துக்கு 12 மில்லி. ரப்பர் போன்ற மென்மையான சீட்டுக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது, ஒரு சொட்டுக்கூட வரக்கூடாது. அப்புறம் இன்னொன்று: ஸ்விங் தட்டைச் சீட்டில் அழுத்தி வைப்பதே பின்னால் நிற்கும் நீர்தான். பின்னழுத்தம் மிகக் குறைவாக இருந்தால் நல்ல வால்வும் கசியும். அதனால் குழாய் காலியாக இருக்கும்போது சோதித்துவிட்டுத் தீர்ப்பு சொல்லாதீர்கள்.

அறிகுறி: நிறுத்திய பம்ப் பின்பக்கமாகச் சுற்றுகிறது

மோட்டாரையும் பம்ப்பையும் இணைக்கும் கப்ளிங்கைப் பார்த்தாலே தெரியும். இரண்டு, மூன்று பம்ப் ஒரே ஹெடரில் (பொதுக் குழாயில்) சேர்ந்திருக்கும் இடங்களில் இது அதிகம். ஒரு பம்ப் ஓடும், அது தள்ளும் தண்ணீரில் ஒரு பங்கு நிற்கும் பம்ப் வழியாகத் திரும்பி சக்‌ஷனுக்கே போய்விடும். மேலே அழுத்தம் குறைவாக இருக்கிறது என்று புகார் வரும். உடனே இன்னொரு பம்ப்பையும் போட்டு ஓட்டுவார்கள். கரன்ட் செலவு ஏறும், குறை மட்டும் அப்படியே இருக்கும்.

இதில் தள்ளிப்போடவே கூடாத ஆபத்து ஒன்று உண்டு. பின்னால் சுற்றிக்கொண்டிருக்கும் பம்ப்பை ஸ்டார்ட் செய்தால் மோட்டார் முதலில் அந்தச் சுற்றை நிறுத்தி, பிறகு முன்பக்கம் திருப்ப வேண்டும். ஸ்டார்ட்டிங் கரன்ட் நீண்ட நேரம் இழுக்கும். டிரிப் ஆனால் அதிர்ஷ்டம். ஆகாவிட்டால் ஷாஃப்டும் கப்ளிங்கும் முறுக்கு வாங்கும். எனவே அந்தப் பம்ப்பின் டெலிவரி வால்வை உடனே மூடுங்கள், ஆட்டோவிலிருந்து எடுத்துப் பூட்டுங்கள். செக் வால்வை அப்புறம் நிதானமாகப் பார்க்கலாம்.

காரணம் பெரும்பாலும் சீட்டுக்கும் தட்டுக்கும் நடுவே சிக்கிய ஏதோ ஒன்று. புதிதாகக் குழாய் வேலை நடந்த ஒரு வாரத்துக்குள் இது ஆரம்பித்தால் வெல்டிங் கசடு, டெஃப்லான் டேப் துண்டு, கேஸ்கெட் துணுக்கு என்றே எடுத்துக்கொள்ளலாம். திறந்து சுத்தம் செய்தால் போதும், வால்வு வாங்க வேண்டாம். கழிவுநீர்க் குழாயில் துணியும் முடியும் தட்டு தொங்கும் ஹிஞ்சைச் (கீலைச்) சுற்றிக்கொள்ளும். அந்த இடத்துக்கு ஸ்விங் ரகமே பொருத்தமில்லை, உருண்டை உள்ள பால் செக் வால்வு போடுங்கள். அதில் சுற்றிக்கொள்ள ஹிஞ்ச் இல்லை, உருண்டை தானே உருண்டு சுத்தமாகும்.

அறிகுறி: பம்ப் நின்றதும் 'டமார்'

எல்லோரையும் பயமுறுத்தும் அறிகுறி இது. பயப்படுவதில் நியாயமும் உண்டு.

நடப்பது இதுதான். பம்ப் நின்றதும் முன்னோக்கிப் போன தண்ணீர் வேகம் குறைந்து, நின்று, திரும்பத் தொடங்குகிறது. தட்டு அதற்குள் மூடியிருக்க வேண்டும். ஸ்விங் தட்டுக்குத் தூரம் அதிகம், மூட நேரம் பிடிக்கிறது. தண்ணீர் பின்னோக்கி நல்ல வேகம் எடுத்த பிறகே தட்டு வந்து மோதுகிறது. அந்த நொடியில் ஓட்டம் முழுவதும் ஒரே அடியில் நிற்கிறது.

அந்த அடி எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ரஷ்ய அறிவியலாளர் நிக்கலாய் ஜுக்கோவ்ஸ்கி மாஸ்கோ குடிநீர்க் குழாய்களில் சோதனை செய்து 1898-ல் வெளியிட்ட விதிதான் இன்றும் கையில் இருக்கிறது: நீரின் அடர்த்தி, குழாயில் அழுத்த அலை ஓடும் வேகம், நின்றுபோன ஓட்டத்தின் வேகம் மூன்றையும் பெருக்க வேண்டும். எஃகுக் குழாயில் அலை நொடிக்கு ஏறக்குறைய 1,200 மீட்டர் ஓடும். திரும்பி வரும் தண்ணீரின் வேகம் நொடிக்கு அரை மீட்டர்தான் என்று வையுங்கள். அதற்கே 6 பார் அழுத்தம் திடீரென்று கூடுகிறது. ஏற்கெனவே குழாயில் இருக்கும் அழுத்தத்துக்கு மேல் இது. ஒரு மீட்டர் வேகம் என்றால் 12 பார். கேஜ் முள் வளைவதும் பிளாஞ்ச் கேஸ்கெட் பிதுங்குவதும் இதனால்தான்.

சத்தம் எப்போது வருகிறது என்பதைக் கவனமாகக் குறித்துக்கொள்ளுங்கள், அதிலேயே பாதி விடை இருக்கிறது.

பம்ப் நின்று ஓரிரு நொடியில் அடித்தால் செக் வால்வு தாமதமாக மூடுகிறது. பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதோ, பம்ப்புக்குச் சம்பந்தமே இல்லாமலோ அடித்தால் எங்கோ சொலினாய்டு வால்வோ சட்டென மூடும் குழாயோ காரணம். செக் வால்வைத் தொட வேண்டாம். பம்ப் ஸ்டார்ட் ஆகும்போது அடித்தால் கதை வேறு. இரவெல்லாம் செக் வால்வு பாஸ் ஆகி மேல்குழாய் காலியாகியிருக்கும். காலையில் பம்ப் போட்டதும் வெற்றுக் குழாயில் பாய்ந்து ஏறும் தண்ணீர் வளைவிலும் முனையிலும் போய் மோதுகிறது. இதற்கு மருந்து கசிவை நிறுத்துவது. சத்தம் குறைக்கிறேன் என்று ஸ்பிரிங் வால்வு வாங்குவது பயன் தராது.

தாமதமாக மூடும் ஸ்விங் வால்வுக்குத் தீர்வு, ஸ்பிரிங் உள்ள, தட்டு குறைந்த தூரமே நகரும் ரகம். சைலன்ட் செக் வால்வு என்றும் நாசில் செக் வால்வு என்றும் விற்பார்கள். தண்ணீர் திரும்புவதற்குள்ளேயே ஸ்பிரிங் தட்டை மூடிவிடும். பெரிய அளவுகளில், வெளியே நெம்புகோலும் எடையும் உள்ள ஸ்விங் வால்வு இருந்தால் எடையின் இடத்தை மாற்றியும், தட்டின் வேகத்தை அடக்கும் டேஷ்பாட் பொருத்தியும் சரிக்கட்ட முடியும்.

வி.எஃப்.டி. (மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின் சாதனம்) போட்டு பம்ப்பை மெதுவாக நிறுத்தினால் சத்தம் போய்விடுமே என்று கேட்பார்கள். போகும். ஆனால் மின்சாரம் போனால் வி.எஃப்.டி.யும் சேர்ந்து போகும், பம்ப் சட்டென்று நிற்கும். மிக மோசமான அடி விழுவது அந்த நேரத்தில்தான். அதனால் வால்வைத் தேர்வு செய்யும்போது மின்வெட்டை மனத்தில் வைத்தே தேர்வு செய்யுங்கள். மெதுவாக நிறுத்துவது கூடுதல் நன்மை, அவ்வளவே.

அறிகுறி: ஓடும்போதே 'டக டக டக'

நீளமான ஸ்குரூடிரைவரின் முனையை வால்வு உடம்பில் வைத்துக் கைப்பிடியைக் காதோடு சேர்த்துக் கேளுங்கள். தட்டு முழுக்கத் திறந்து நின்றால் நீர் ஓடும் ஒரே சீரான இரைச்சல்தான் கேட்கும். உலோகம் தட்டும் ஒலி வந்தால் தட்டு நடுவில் ஆடிக்கொண்டிருக்கிறது. சரளைக்கல் உருள்வது போன்ற சத்தம் பம்ப் பக்கமிருந்து வந்தால் அது பெரும்பாலும் பம்ப்பின் கேவிடேஷன் (உள்ளே நீராவிக் குமிழிகள் உண்டாகி உடைவது), செக் வால்வின் தப்பு இல்லை. இரண்டையும் காது பழகிப் பிரிக்க வேண்டும்.

தட்டு ஆடுவதற்கு முதல் காரணம் வால்வு பெரிதாக இருப்பது. குழாய் 100 மி.மீ. என்றால் வால்வும் 100 மி.மீ. என்று வாங்கும் பழக்கம் எங்கும் இருக்கிறது. செக் வால்வை ஓட்டத்தின் அளவுக்குத்தான் வாங்க வேண்டும். மணிக்கு 20 கன மீட்டர் ஓடுகிறது என்று வையுங்கள். 100 மி.மீ. துளையில் அது நொடிக்கு 0.7 மீட்டர் வேகம்தான். பல ஸ்விங் தட்டுகளை முழுக்கத் தூக்கிப் பிடிக்க அது போதாது. 80 மி.மீ.யில் 1.1 மீட்டர். 65 மி.மீ.யில் சுமார் 1.7 மீட்டர். இருபக்கமும் ரெட்யூசர் போட்டு 65 மி.மீ. வால்வை மாட்டினால் தட்டு உறுதியாக நிற்கும். அழுத்த இழப்பு கொஞ்சம் கூடும், அதைப் பம்ப் தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தட்டு முழுக்கத் திறக்கக் குறைந்தபட்சம் எவ்வளவு வேகம் வேண்டும் என்பது தயாரிப்பாளரின் அட்டவணையில் இருக்கும். அந்த எண்ணைக் கேட்காமல் வால்வு வாங்காதீர்கள்.

பம்ப்பை வி.எஃப்.டி.யில் ஓட்டும் இடங்களில் இன்னொரு வடிவம் உண்டு. பகலில் நன்றாக இருக்கும், இரவில் ஓட்டம் குறைந்ததும் தட்டத் தொடங்கும். முழு ஓட்டத்துக்கு வால்வு சரியான அளவுதான், குறைந்த ஓட்டத்துக்குப் பெரிது. மென்மையான ஸ்பிரிங் உள்ள வால்வு இதற்கு உதவும்.

இரண்டாவது காரணம் சுழிப்பு. பம்ப் வாய், எல்போ, டீ (T வடிவ மூட்டு) இவற்றை ஒட்டி வால்வு இருந்தால் தட்டின் ஒரு பக்கத்தை நீர் தூக்கும், மறுபக்கத்தை இறக்கும். குழாய் விட்டத்தைப் போல் குறைந்தது 5 மடங்கு நேர்க்குழாய் வால்வுக்கு முன்னால் வேண்டும், 10 மடங்கு கிடைத்தால் நல்லது. 100 மி.மீ. குழாய்க்கு அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர். நான் மேலே சொன்ன கட்டடத்தில் வால்வை எடுத்து ஒரு மீட்டர் தள்ளி மாட்டினோம். தட்டும் சத்தம் அன்றோடு நின்றது.

இந்தச் சத்தத்தைப் 'பரவாயில்லை, தண்ணீர் வருகிறதே' என்று விடாதீர்கள். ஒவ்வொரு தட்டலும் தட்டைத் தாங்கும் ஊசியான ஹிஞ்ச் பின்னைக் கொஞ்சம் அறுக்கிறது. கடைசியில் தட்டு கழன்று விழும்.

அறிகுறி: பம்ப் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை அல்லது குறைவாக வருகிறது

வால்வுக்கு இருபக்கமும் கேஜ் இருந்தால் வேலை சுலபம். பம்ப் பக்கம் அழுத்தம், டெலிவரி மூடியிருக்கும்போது போல உச்சத்துக்கு ஏறி, மறுபக்கம் ஏறவே இல்லை என்றால் தட்டு திறக்கவில்லை. புதிதாக மாட்டிய வால்வு என்றால் முதலில் அம்புக்குறியைப் பாருங்கள். திருப்பி மாட்டுவது அனுபவசாலிகளுக்கும் நடக்கும். பெயின்ட் அடித்து அம்பு மறைந்திருந்தால் சுரண்டிப் பாருங்கள்.

கொஞ்சம் ஓட்டம் இருக்கிறது, ஆனால் போதவில்லை என்றால் கணக்கு உதவும். வால்வின் கே.வி. எண் என்பது 1 பார் இழப்பில் மணிக்கு எத்தனை கன மீட்டர் ஓடும் என்பது. கே.வி. 100 உள்ள வால்வில் மணிக்கு 50 கன மீட்டர் ஓடினால் இழப்பு 0.25 பார்தான் இருக்க வேண்டும். இரு கேஜ்களின் வித்தியாசம் 0.8 பார் என்றால் தட்டு பாதியில் மாட்டியிருக்கிறது அல்லது ஏதோ அடைத்திருக்கிறது.

தட்டு பாதியில் மாட்டுவதற்கு எளிதில் கண்ணில் படாத காரணம் ஒன்று. இரட்டைத் தட்டு வேஃபர் வால்வு (இரு பிளாஞ்சுக்கு நடுவே செருகும் மெல்லிய ரகம்) திறக்கும்போது தட்டுகள் அதன் உடம்பைத் தாண்டி அடுத்த குழாய்க்குள் நீளும். அடுத்த குழாய் கனத்த சுவர் கொண்ட பிளாஸ்டிக்காகவோ, உள்விட்டம் சிறிய குழாயாகவோ இருந்தால் தட்டு அதில் இடிக்கும். பட்டர்ஃபிளை வால்வை அதன் முதுகில் ஒட்டி மாட்டினால் இரண்டு வால்வின் தட்டுகளும் ஒன்றோடொன்று மோதும். நடுவே ஒரு சிறு குழாய்த் துண்டு கட்டாயம் வேண்டும்.

புவியீர்ப்பில் மட்டும் ஓடும் குழாய்களில் ஸ்பிரிங் வால்வு போட்டு மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. அரை பி.எஸ்.ஐ. ஸ்பிரிங்கைத் திறக்கவே 35 செ.மீ. நீர் உயரம் வேண்டும். கண்டன்சேட் (நீராவி குளிர்ந்த நீர்) தொட்டிக்கு இருபது செ.மீ. சரிவில் வரும் குழாயில் அது திறக்கவே திறக்காது.

வால்வைத் திறந்தீர்கள், உள்ளே தட்டையே காணோம் என்றால் தயவுசெய்து அங்கேயே நில்லுங்கள். புது வால்வைப் போட்டு மூடிவிடாதீர்கள். அந்தத் தட்டும் அதன் நட்டும் குழாய்க்குள் எங்கோ கிடக்கின்றன. அடுத்த எல்போவிலோ, டெலிவரி வால்வின் வாயிலோ, கீழே இறங்கி பம்ப்பின் இம்பெல்லருக்குள்ளேயோ இருக்கும். கிடைக்கும் வரை தேடுங்கள்.

அறிகுறி: யாரும் குழாயைத் திறக்காமலே பூஸ்டர் பம்ப் அடிக்கடி ஸ்டார்ட் ஆகிறது

தீயணைப்பு அமைப்பில் அழுத்தம் குறையாமல் காக்கும் சிறு பம்ப்பான ஜாக்கி பம்ப்பிலும் இதே கதை. சந்தேகிக்க மூன்று பேர் உண்டு: பிரஷர் டேங்கில் காற்று போய்விட்டது, கட்டடத்தில் எங்கோ கசிவு, அல்லது செக் வால்வு. அழுத்தம் ஏறியதுமே பம்ப் உடனே நின்று, கொஞ்சம் தண்ணீர் எடுத்ததும் உடனே மறுபடி ஓடினால் டேங்கைப் பாருங்கள். உபயோகமே இல்லாத நேரத்தில் அழுத்தம் மெல்ல மெல்ல இறங்கினால் பம்ப்பை நிறுத்திவிட்டு கட்டடத்துக்குப் போகும் மெயின் வால்வை மூடுங்கள். அதற்குப் பிறகும் பம்ப் பக்கத்து ஹெடர் கேஜ் இறங்கினால் செக் வால்வு. இறங்காமல் நின்றால் கசிவு கட்டடத்துக்குள். தீயணைப்பு லைனில் வால்வு மூடும் முன் பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டு, வேலை முடிந்ததும் திறந்ததை அவரோடு நின்று உறுதி செய்யுங்கள்.

அறிகுறி: பம்ப்பில் பிரைமிங் (ஓட்டும் முன் நிரப்பிய தண்ணீர்) தங்கவில்லை

தொட்டி கீழே, பம்ப் மேலே இருந்தால் ஃபுட் வால்வைப் (குழாயின் அடிமுனையில் இருக்கும் செக் வால்வை) பாருங்கள். இலை, மண், தேய்ந்த ரப்பர் வாஷர். ஆனால் சக்‌ஷன் குழாயில் மூட்டு எங்காவது காற்றை இழுத்தாலும் இதே அறிகுறிதான் வரும். சக்‌ஷன் குழாயை நிரப்பி வையுங்கள். பம்ப் நிற்கும்போதே நீர்மட்டம் இறங்கினால் ஃபுட் வால்வு. நின்றபடி நிறைந்தே இருந்து, ஓட ஆரம்பித்த பின் பம்ப் தண்ணீரை விட்டால் காற்று.

அறிகுறி: குளிர்நீர்க் குழாயில் வெந்நீர் வருகிறது

ஹீட்டரை ஒட்டிய முதல் ஓரிரு அடி குளிர்நீர்க் குழாய் கொஞ்சம் சூடாக இருப்பது இயல்பு. அதைத் தாண்டி, வேறு மாடியில், குளிர்நீர்க் குழாயைத் திறந்தால் வெந்நீர் வந்தால் எங்கோ இரண்டும் கலக்கின்றன. வெந்நீரும் குளிர்நீரும் சேரும் மிக்ஸர்களின் இரு வாயிலும் பல இடங்களில் சின்ன செக் கார்ட்ரிட்ஜ் இருக்கும். அவற்றில் ஒன்று கெட்டால் அழுத்தம் கூடிய பக்கம் குறைந்த பக்கத்துக்குள் புகும். மாடி மாடியாக வெந்நீர் வால்வை மூடிப் பாருங்கள். எந்தக் கிளையை மூடியதும் குளிர்நீர் குளிர்கிறதோ அங்கே தேடுங்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. ஹீட்டரின் குளிர்நீர் வாயில் புது செக் வால்வு போட்ட அடுத்த நாளிலிருந்து சேஃப்டி வால்வு ஒழுகத் தொடங்கினால் சேஃப்டி வால்வைத் திட்டாதீர்கள். சூடான நீர் விரிகிறது. முன்பு அது மெயின் குழாய்க்குள் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது, இப்போது வழி அடைபட்டுவிட்டது. எக்ஸ்பேன்ஷன் டேங்க் வைக்க வேண்டும். ஒழுகுகிறதே என்று சேஃப்டி வால்வின் வாயை அடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது உயிரோடு விளையாடுவது.

பாய்லர் ஃபீட் லைனில் செக் வால்வு பாஸ் ஆனால் ஃபீட் பம்ப் நிற்கும்போது குழாயும் பம்ப்பும் கைவைக்க முடியாதபடி சுடும், பாய்லர் மட்டம் காரணமின்றி இறங்கும். உள்ளே புகுந்த கொதிநீர் பம்ப்பில் ஆவியாகி, அடுத்த முறை பம்ப் தண்ணீரே பிடிக்காது. வெறுங்கையால் தொட்டுப் பார்க்காதீர்கள், வெப்பமானி வையுங்கள்.

குடிநீர் பற்றி ஒரு வார்த்தை. ரசாயன டோசிங், கூலிங் டவர், பாய்லர் இவற்றுக்குக் குடிநீர் மெயினிலிருந்து குழாய் போகும் இடத்தில் ஒற்றைச் செக் வால்வை நம்பக் கூடாது. அதற்கென்றே இரண்டு செக் வால்வும் நடுவே திறந்து கொட்டும் ரிலீஃப் வால்வும் சேர்ந்த பின்னோட்டத் தடுப்புச் சாதனம் இருக்கிறது. அதன் ரிலீஃப் வாய் தொடர்ந்து ஒழுகினால் பெரும்பாலும் முதல் செக்கில் தூசி. அதைச் சோதிக்கத் தகுதி பெற்றவரை அழையுங்கள்.

அறிகுறி: வெளியே ஒழுகுகிறது

போனட் (வால்வின் மேல்மூடி) கேஸ்கெட் அல்லது ஹிஞ்ச் பின் பக்கவாட்டு பிளக். இரண்டையும் அழுத்தத்தை இறக்கிய பிறகே தொடுங்கள். உடம்பே வியர்ப்பது போல ஈரம் கசிந்தால் வார்ப்பில் துளை அல்லது விரிசல். பேஸ்ட் பூசிச் சமாளிக்காமல் மாற்றிவிடுங்கள்.

கழற்றும் முன்: உள்ளே அடைபட்ட அழுத்தம்

செக் வால்வை மற்ற வால்வுகளைவிட ஆபத்தாக்குவது அதன் நல்ல குணம்தான். பம்ப்பை நிறுத்தினாலும், பம்ப் பக்க டிரெயினைத் திறந்து வடித்தாலும், மறுபக்கம் நீர் அப்படியே நிற்கும். பம்ப் பக்க கேஜ் பூஜ்யம் காட்டுவதை நம்பி போல்ட்டைக் கழற்றியவர்கள் அடிபட்டிருக்கிறார்கள். 30 மீட்டர் உயரக் கட்டடம் என்றால் தட்டுக்கு மேல் 3 பார். 100 மி.மீ. தட்டின் மீது அது ஏறக்குறைய 240 கிலோ எடை உட்கார்ந்திருப்பதற்குச் சமம். டெலிவரி வால்வை மூடிய பிறகு அதற்கும் செக் வால்வுக்கும் நடுவில் இருக்கும் நீரைத் தனியாக இறக்க வேண்டும். அங்கே டிரெயின் இல்லை என்றால் இந்த வேலையிலேயே ஒன்று வைத்துவிடுங்கள், அடுத்தவர் வாழ்த்துவார். வெந்நீர், ஸ்டீம் லைன் என்றால் ஆறவிடுங்கள்.

போல்ட்டை முழுக்கக் கழற்றாமல், உங்களுக்கு எதிர்ப்பக்கத்து போல்ட்டை முதலில் தளர்த்தி பிளாஞ்சை லேசாகப் பிரியுங்கள். மிச்சமிருக்கும் நீர் உங்கள் முகத்தில் அடிக்காமல் அந்தப் பக்கமாகப் போகட்டும்.

பழைய வால்வைப் படியுங்கள்

கழற்றியதைக் குப்பையில் போடும் முன் பத்து நிமிடம் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். எனக்கு இந்த வேலையில் மிகப் பிடித்த பகுதி இது, ஏனென்றால் வால்வு எப்படிச் செத்தது என்பதை அதுவே சொல்கிறது.

ஹிஞ்ச் பின் ஓட்டை முட்டை வடிவமாகியிருந்தால் தட்டு நாள் முழுக்க ஆடியிருக்கிறது. வால்வு பெரிது, அல்லது எல்போ பக்கம். தட்டின் முதுகிலும் ஸ்டாப்பரிலும் பளபளவென்று அடிபட்ட தடம் இருந்தாலும் அதே பொருள். சீட்டின் ஒரு பக்கத்தில் மட்டும் தடம் பதிந்திருந்தால் தட்டு தொங்கிப்போய்ச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. சீட்டின் குறுக்கே கத்தியால் கீறியது போல மென்மையான பள்ளம் இருந்தால் சின்னக் கசிவு ஒன்று நீண்டகாலம் வேகமாக ஓடி உலோகத்தை அறுத்திருக்கிறது. பித்தளை உடம்பு அங்கங்கே செம்புநிறமாகி, சுரண்டினால் உதிர்ந்தால் துத்தநாகம் கரைந்துவிட்டது. அந்தத் தண்ணீருக்கு அந்தப் பித்தளை ஆகாது, வெண்கலமோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ வேண்டும்.

ரப்பர் ஊதிப் பெருத்து மெத்தென்று இருந்தால் எண்ணெய் பட்டிருக்கிறது. ஈ.பி.டி.எம். ரப்பர் வெந்நீருக்கு நல்லது, கனிம எண்ணெய்க்கு ஆகாது. நைட்ரைல் எண்ணெயைத் தாங்கும், அதிக வெப்பத்தைத் தாங்காது. ரப்பர் கருகி விறைத்து வெடித்திருந்தால் அதன் வெப்ப எல்லையைத் தாண்டி ஓட்டியிருக்கிறார்கள்.

மாட்டும்போது

அம்புக்குறியைப் பார்த்தாகிவிட்டது. அடுத்தது நிற்கும் நிலை. ஸ்விங் வால்வைப் படுக்கைக் குழாயில் போனட் மேலே பார்க்க மாட்டுங்கள். நிற்கும் குழாயில் தண்ணீர் மேலே ஏறினால் மட்டும் ஸ்விங் போடலாம். கீழிறங்கும் ஓட்டத்தில் தட்டு எடையாலேயே திறந்து தொங்கும், மூடாது. அங்கே ஸ்பிரிங் ரகம் வேண்டும், அதுவும் மேலே நிற்கும் நீரின் எடையைத் தாங்கும் ஸ்பிரிங். இரட்டைத் தட்டு வேஃபர் வால்வைப் படுக்கைக் குழாயில் ஹிஞ்ச் பின் செங்குத்தாக நிற்கும்படி வையுங்கள், இல்லாவிட்டால் இரு தட்டும் ஒரே மாதிரி மூடாது.

கேஸ்கெட் எப்போதும் புதிது. குழாய் முனைகள் நேராக இல்லை என்றால் போல்ட்டால் இழுத்துச் சேர்க்காதீர்கள். உடம்பு நெளிந்தால் சீட் உட்காராது, புது வால்வே பாஸ் ஆகும். போல்ட்டுகளை எதிரெதிராக, மூன்று சுற்றில் முறுக்குங்கள்: முதலில் மூன்றில் ஒரு பங்கு, பிறகு இரண்டு பங்கு, கடைசியில் முழு டார்க் (முறுக்கு விசை). திருகு வகை என்றால் யூனியன் வைத்து மாட்டுங்கள். டேப்பை முதல் ஒன்றிரண்டு புரியை விட்டுச் சுற்றுங்கள், அப்போதுதான் துண்டு உள்ளே போகாது.

நீரை மெதுவாக விட்டுக் காற்றை வெளியேற்றிய பிறகு பம்ப்பைப் போடுங்கள். ஸ்குரூடிரைவரை வைத்துக் கேளுங்கள். பம்ப்பை நிறுத்தி, சத்தம் வருகிறதா என்று பாருங்கள். ஆட்கள் தயாராக இருந்தால் மெயின் சுவிட்சை அணைத்து மின்வெட்டைப் போலவும் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். அப்புறம், ஆரம்பத்தில் சொன்ன அதே டிரெயின் சோதனையை மறுபடி செய்யுங்கள். நின்றால், தேதி, அளவு, ரகம், ரப்பர் வகை நான்கையும் ஒரு டேக்கில் எழுதி வால்வின் கழுத்தில் கட்டிவிடுங்கள். அடுத்த முறை இதைத் திறப்பவர் முதலில் கேட்கப்போகும் கேள்விக்கு, 'இது எத்தனை நாள் உழைத்தது' என்பதற்கு, பதில் அங்கேயே தொங்கும்.